பெட்ரோல் விலை நாட்டுக்கு நாடு ஏன் இத்தனை வித்தியாசம்? சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, “தம்பி, இப்ப எண்ணெய் எங்கே ஊத்துறீங்க?” சென்னையிலிருந்து அழைக்கும் சித்தப்பா வேறு மாதிரி கேட்பார்: “அங்க லிட்டர் எவ்வளவு? இங்க நூறு ரூபாய் தாண்டிருச்சு!” கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் (சுருக்கமாக ஜேபி) இருக்கும் மைத்துனர் கேள்வியெல்லாம் கேட்க மாட்டார். சிரிப்பார். பல வருடமாக ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கீழே உள்ள விலைகள் 2025ஆம் ஆண்டு நிலவரம். நாணய மாற்று எளிதாக இருக்கட்டும் என்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.25 ரிங்கிட், ஓர் அமெரிக்க டாலருக்கு 1.30 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு 65 இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். “வெள்ளி” என்றால் இங்கே நம் சிங்கப்பூர் டாலர்தான், நூறு காசு ஒரு வெள்ளி. மலேசியத் தமிழர்களும் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்வதால் மைத்துனரோடு பேசும்போது பாதி சண்டை அதிலேயே வந்துவிடும்.

உலகத்திலேயே சிங்கப்பூரில்தான் பெட்ரோல் விலை அதிகமா?

இல்லை. அந்தப் பட்டம் பெரும்பாலும் ஹாங்காங்குக்குப் போகும். அங்கே லிட்டர் மூன்று அமெரிக்க டாலருக்கும் மேல். அதில் தீர்வை (எரிபொருள் வரி) மட்டும் லிட்டருக்கு 6.06 ஹாங்காங் டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு வெள்ளி. ஆனால் தென்கிழக்காசியாவை மட்டும் பார்த்தால் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உலகப் பட்டியல்கள் எல்லாமே நிலையத்தின் பட்டியல் விலையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. சிங்கப்பூரில் அந்த விலையை முழுசாகக் கொடுத்து எண்ணெய் ஊற்றுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அது ஏன் என்று கீழே வருகிறது.

எண்ணெய் சுத்திகரிப்பதே இங்கேதானே? அப்புறம் ஏன் இவ்வளவு விலை?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

நம்மிடம் ஒரு சொட்டு கச்சா எண்ணெய்கூடக் கிடையாது. வரவழைத்துச் சுத்திகரித்து விற்கிறோம். புலாவ் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனம் 1961இல் முதல் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. பழைய தலைமுறையில் “புக்கோமில் வேலை” என்று சொன்னால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அந்த ஆலை 2025 ஏப்ரலில் ஆஸ்டர் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜூரோங் தீவில் எக்ஸான்மொபில் ஆலை, சிங்கப்பூர் ரிஃபைனிங் கம்பெனி ஆலை என்று இன்னும் இரண்டு இருக்கின்றன.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஆசியச் சந்தையில் பெட்ரோல், டீசல் மொத்த விலையைச் சொல்லும் அளவுகோலின் பெயரே “மீன் ஆஃப் பிளாட்ஸ் சிங்கப்பூர்”. வியாபாரத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக “மாப்ஸ்” என்பார்கள். மலேசியா தன் சில்லறை விலையைக் கணக்கிடுவது இதை வைத்துத்தான். ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் விலை ஏறி இறங்குவதும் சிங்கப்பூர் மொத்த விலையைப் பார்த்துத்தான். ஊருக்கெல்லாம் விலை சொல்வது நம் பெயரில். ஆனால் அந்த விலையில் நமக்குக் கிடைப்பதில்லை.

காரணம் இதுதான். ஆலை பக்கத்தில் இருப்பதால் மிச்சமாவது கப்பல் கூலி மட்டும். ஆலையில் வடித்த பெட்ரோல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே சர்வதேச விலைதான். அது பம்புக்கு வந்தபிறகு அரசாங்கம் என்ன செய்கிறது என்பதில்தான் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஒருவர் வரி போடுவார், இன்னொருவர் மானியம் கொடுப்பார். அதனால் ஒரு நாட்டின் பெட்ரோல் விலையைப் பார்த்தால் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சமும் அந்த நாட்டு நிதியமைச்சைப் பற்றி நிறையவும் தெரிந்துகொள்ளலாம்.

நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு எங்கே போகிறது?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 95 ஆக்டேன் (ஆக்டேன் என்பது பெட்ரோலின் ரகத்தைக் காட்டும் எண்) பட்டியல் விலை லிட்டர் 2.80 வெள்ளி. கடன் அட்டை, உறுப்பினர் அட்டை எல்லாம் சேர்த்து 20 விழுக்காடு கழிவு, அதாவது தள்ளுபடி. கையிலிருந்து போவது 2.24 வெள்ளி.

அதில் பெட்ரோல் தீர்வை 66 காசு. இது லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. 2021 பிப்ரவரி 16ஆம் தேதி வரவுசெலவுத் திட்ட உரையில் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட் 92, 95 ரகங்களுக்கு 10 காசும் 98 ரகத்துக்கு 15 காசும் உயர்த்தினார். அதன்படி இப்போது 66 காசு, 98க்கு 79 காசு. அதற்கு முந்தைய உயர்வு 2015இல் வந்தது.

அடுத்து பொருள் சேவை வரி. 2023இல் 7இலிருந்து 8 விழுக்காடு, 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. இது தீர்வையின் மேலும் சேர்த்துத்தான் போடப்படுகிறது, வரிக்கு வரி. 2.24 வெள்ளியில் இதன் பங்கு சுமார் 18 காசு.

பெட்ரோலின் மொத்த விலை எவ்வளவு? ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். சந்தையில் பெட்ரோல் பீப்பாய் 80 அமெரிக்க டாலர் என்றால் லிட்டர் சுமார் 65 காசு.

மூன்றையும் கூட்டினால் 1.49 வெள்ளி. மீதி 75 காசு? நிலத்துக்கு அரசாங்கத்திடம் ஏலத்தில் கொடுத்த பணம், ஊழியர் சம்பளம், எண்ணெய் லாரி, விளம்பரம், நிறுவனத்தின் லாபம் எல்லாம் அதற்குள்தான். எது எவ்வளவு என்று ரசீதில் அச்சடித்துத் தர மாட்டார்கள்.

எண்ணெய், தீர்வை, மற்றவை மூன்றும் ஏறக்குறைய சமமாக வருவதைப் பாருங்கள். “எல்லாம் வரிதான்” என்று காப்பிக்கடையில் சொல்பவரும் “கம்பெனிக்காரன் கொள்ளை” என்று சொல்பவரும் ஆளுக்குக் கொஞ்சம் சரி.

கழிவு இவ்வளவு கொடுக்க முடியும் என்றால் விலையையே குறைக்கலாமே?

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

போட்டித்தன்மை ஆணையம் இந்தச் சந்தையை ஆராய்ந்து 2017 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கழிவுகள் இத்தனை வகையாகக் குழம்பிக் கிடப்பதால் எந்த நிலையத்தில் உண்மையில் விலை குறைவு என்று ஓட்டுநர்களால் ஒப்பிட முடியவில்லை என்பது அதில் முக்கியமான விஷயம். அதன்பிறகு பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ 2020 ஜனவரியில் ‘ஃபியூவல் காக்கி’ என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. “காக்கி” என்றால் சிப்பாய் உடை இல்லை. நம்மூர் மலாய்ப் பேச்சில் கூட்டாளி. உங்களிடம் இருக்கும் அட்டையைக் குறிப்பிட்டால் எந்த நிலையத்தில் எவ்வளவு என்று கழிவு போக நிகர விலையைக் காட்டும்.

ஆனாலும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். போன வருடம் எனக்கு நடந்தது: “24 விழுக்காடு வரை” என்ற பெரிய பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பி உள்ளே போய் ஐம்பது வெள்ளிக்கு ஊற்றினேன். ரசீதில் பார்த்தால் 14 விழுக்காடுதான். மீதி பத்து, மாதம் இத்தனை வெள்ளிக்கு மேல் அட்டையில் செலவழித்தால் அடுத்த மாதக் கணக்கில் வரவு வைப்பார்களாம். கவுண்டரில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “‘வரை’ன்னு போட்டிருக்குல்ல அண்ணே” என்றார். சரிதான், போட்டிருந்தது. கட்டைவிரல் அளவு எழுத்தில்.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே கதைதான். நம் பட்டியல் விலையை எடுத்து மற்ற நாட்டில் மக்கள் உண்மையில் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் நம் விலை இருப்பதைவிட அரை வெள்ளி அதிகமாகத் தெரியும்.

ஜொகூர் பாருவில் ஊற்றிக்கொண்டு வந்தால் எவ்வளவு மிச்சம்?

முதலில் எது ஊற்றலாம், எது கூடாது என்று பார்த்துவிடுவோம். மஞ்சள் நிறக் குழாயில் வருவது ரோன்95, அதாவது அங்குள்ள 95 ஆக்டேன். வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வாகனங்களுக்கு அதை விற்கக்கூடாது என்று 2010 ஆகஸ்ட் 1 முதல் அங்கே தடை இருக்கிறது. அது மலேசிய மக்களின் வரிப்பணத்தில் ஓடும் மானிய எண்ணெய். “எல்லாரும் ஊத்துறாங்க” என்று போய் நின்று, யாராவது படம் எடுத்து இணையத்தில் போட்டால் மானம் கடற்பாலத்தில் போகும். நமக்கு ரோன்97தான். அதன் விலை சந்தையோடு ஏறி இறங்கும். 3.20 ரிங்கிட் அக்கம்பக்கம் என்று வைத்தால் நம் காசுக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி.

இப்போது நம் பக்க விதி. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் நிலச் சோதனைச்சாவடி வழியே வெளியே போகும்போது டாங்கியில் முக்கால் பங்காவது எண்ணெய் இருக்க வேண்டும். 1989இல் அரை டாங்கி என்று தொடங்கி 1991இல் முக்காலாக்கினார்கள். இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம். எண்ணெய் அளவு காட்டும் முள்ளை ஏமாற்றும்படி ஏதாவது செய்து மாட்டினால் அது தனிக் குற்றம்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு சனிக்கிழமை காலை, எனக்கு முன்னால் ஒரு வெள்ளை டொயோட்டா. அதிகாரி குனிந்து முள்ளைப் பார்த்தார். ஓட்டுநர் ஏதோ சொன்னார். அதிகாரி இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். முள் ஏறும் என்று ஒரு நம்பிக்கை ஓட்டுநருக்கு. பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து நின்று முள்ளைப் பார்க்கிறார்கள். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஜேபி புரோட்டாவுக்குக் கிளம்பிய குடும்பம்.

கணக்குக்கு வருவோம். 50 லிட்டர் டாங்கி, முக்காலோடு போகிறோம். அங்கே கொஞ்சம் சுற்றிவிட்டு நிரப்பினால் உள்ளே போவது 15 லிட்டர். இங்கே 2.24, அங்கே ஒரு வெள்ளி, லிட்டருக்கு 1.24 வெள்ளி மிச்சம் என்றால் மொத்தம் 18 வெள்ளி 60 காசு. அதில் மலேசியா வாங்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் போனால் 12 வெள்ளி சொச்சம். சாவடிக் கட்டணங்கள் இன்னும் கழியும். வெளிநாட்டு வாகன அனுமதிக்கான விஇபி வில்லை வேறு இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். சாமான் வாங்க, சொந்தக்காரரைப் பார்க்க என்று எப்படியும் போகிறீர்கள் என்றால் நிரப்பிக்கொண்டு வாருங்கள். பெட்ரோலுக்காக மட்டும் மூன்று மணி நேரம் பாலத்தில் நிற்பது பத்து வெள்ளிக்குப் பகுதிநேர வேலை பார்ப்பதுபோல.

மலேசிய விலை மானியத்தால் மட்டும்தான் மலிவா?

மைத்துனரிடம் நான் தோற்ற இடம் இது. மானியத்தால்தான் என்று ரொம்ப நாள் வாதாடினேன்.

2021 பிப்ரவரியிலிருந்து ரோன்95 விலை 2.05 ரிங்கிட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் ‘புடி95’ திட்டம் வந்தது. மலேசியக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டினால் மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட் என்று தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு மானியமில்லா விலை, அப்போது 2.60 ரிங்கிட். அதாவது மானியத்தை முழுசாக எடுத்துவிட்டாலும் நம் காசுக்கு 80 காசுதான்!

நம்முடைய 2.24இலிருந்து தீர்வை, பொருள் சேவை வரி இரண்டையும் கழித்தாலும் 1.40 வருகிறது. அவர்களுக்கு 80 காசு, நமக்கு 1.40. இந்த 60 காசு வித்தியாசத்துக்கு மானியமும் காரணமில்லை, வரியும் காரணமில்லை. மலேசியாவில் எண்ணெய் நிறுவனத்துக்கும் நிலையம் நடத்துபவருக்கும் லிட்டருக்கு எவ்வளவு லாபம் என்பதை அரசே வரையறுத்திருக்கிறது. நிலமும் கூலியும் மலிவு. இங்கே அப்படி உச்சவரம்பு எதுவும் கிடையாது, விலை நிறுவனங்களின் கையில்.

சென்னையில் நூறு ரூபாய், இங்கே நூற்று நாற்பது ரூபாய். அப்படியென்றால் சென்னையில் மலிவுதானே?

ரூபாயை வெள்ளியாக்கிப் பார்த்தால் ஆமாம். சென்னையில் பெட்ரோல் 2022 மே முதல் 2024 மார்ச் வரை லிட்டர் 102 ரூபாய் 63 காசில் அசையாமல் நின்றது. பிறகு இரண்டு ரூபாய் போல் குறைந்து 2025இல் நூறுக்குச் சற்று மேலே இருந்தது. நம் கணக்கில் ஒரு வெள்ளி 55 காசு.

ஆனால் சித்தப்பா வெள்ளியில் சம்பளம் வாங்கவில்லையே. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் அதில் முப்பது விழுக்காடு. இங்கே வெளிநாட்டு ஊழியர்களை அமர்த்தும் நிறுவனங்கள் முழுநேர உள்ளூர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 61 வெள்ளி. ஒரு லிட்டர் அதில் நாலு விழுக்காடுகூட இல்லை. ஊரில் கறிகாய்க்காரர் மொபெட்டில் ஒரு லிட்டர் ஊற்றும்போது கொடுப்பது நாம் கொடுப்பதைவிடப் பெரிய காசு.

இந்திய விலையில் இன்னொரு விசித்திரம். 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்று அறிவித்தார்கள். ஆனால் மேலே சொன்னபடி இரண்டு வருடம் அசையவே இல்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை இரண்டு ரூபாய் கூட்டியபோதும் பம்பில் ஏறவில்லை, எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. பெட்ரோலுக்கு அங்கே ஜிஎஸ்டி கிடையாது. மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக்கூட்டு வரியும் தனித்தனி. மாநில வரி வேறுபடுவதால் புதுச்சேரியில் லிட்டர் நாலைந்து ரூபாய் குறைவு. கடலூர்க்காரருக்குப் புதுச்சேரிதான் ஜேபி. முக்கால் டாங்கி விதிதான் அங்கே இல்லை.

இலங்கையில் எப்படி?

2025இல் 92 ஆக்டேன் லிட்டர் 300 இலங்கை ரூபாய்க்கு அக்கம்பக்கம், நம் கணக்கில் 1.30 வெள்ளி போல. 2022 ஜூன் மாதக் கடைசியில் அதே 92 ஆக்டேன் 470 ரூபாய்க்குப் போனது. விலையைவிட, எண்ணெயே இல்லை என்பதுதான் அப்போது கொடுமை. கியூஆர் குறியீடு காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கிட்டார்கள், மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் நாலு லிட்டர். யாழ்ப்பாணத்தில் சொந்தம் உள்ளவர்களுக்கு அந்த வரிசைகள் நினைவிருக்கும். அந்தப் பங்கீட்டு முறையை 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். எண்ணெய் இறக்குமதி செய்ய டாலர் இல்லாத நாட்டில் பெட்ரோலுக்கு எழுதி ஒட்டிய விலை வெறும் அலங்காரம். ஒப்பீட்டுப் பட்டியல்கள் இதைக் காட்டுவதே இல்லை.

தண்ணீரைவிடப் பெட்ரோல் மலிவாக இருக்கும் நாடுகள் உண்மையிலேயே உண்டா?

உண்டு. ஈரான், லிபியா, வெனிசுவேலா மூன்றும் மலிவு வரிசையில் எப்போதும் முன்னால் இருக்கும். லிபியாவில் லிட்டர் 0.15 தினார்தான். சவூதியில் 2021 ஜூலை முதல் 95 ஆக்டேன் 2.33 ரியால், நமக்கு 81 காசு. எண்ணெய் இருக்கும் நாடெல்லாம் மலிவாக விற்கும் என்றும் நினைக்க வேண்டாம். நார்வேயில் கடலடியில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, பம்பில் விலை ஐரோப்பாவிலேயே உயர்ந்த வரிசையில்.

நமக்குச் சுடுவது புருணைதான். 1967 உடன்பாட்டின்படி புருணை டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் சமம். அங்கத்திய நோட்டு இங்கே செல்லும். ஆகவே நாணய மாற்றுக் கணக்கே தேவையில்லை. அங்கே 97 ஆக்டேன் லிட்டர் 53 காசு. நாம் 95க்குக் கட்டும் தீர்வையே 66 காசு.

அமெரிக்காவில் மூன்று டாலர் என்கிறார்கள். நம்மைவிட அதிகமா?

அது கேலனுக்கு. அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். மூன்று டாலர் பத்து சென்ட் என்றால் லிட்டர் 82 சென்ட், நமக்கு 1.07 வெள்ளி. அவர்களுடைய கூட்டரசு வரி 1993லிருந்து கேலனுக்கு 18.4 சென்ட். முப்பது வருடத்துக்கு மேல் யாரும் கை வைக்கவில்லை.

பிரிட்டன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது நமக்குப் பக்கத்தில் வருகிறது. லிட்டர் 135 பென்ஸ் என்றால் 2.33 வெள்ளி, கழிவு போக நாம் கொடுப்பதைவிடச் சற்று அதிகம். அதில் தீர்வை 52.95 பென்ஸ், அதாவது 90 காசுக்கு மேல். கூடவே 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. வரியெல்லாம் போனால் சுமார் ஒரு வெள்ளிதான் மிஞ்சும். வரிச்சுமை நம்மைவிட அதிகம், வரிக்கு முந்தைய விலை நம்மைவிடக் குறைவு. “சிங்கப்பூரில் வரியால்தான் விலை” என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

எல்லா நாட்டிலும் 95 என்றால் 95தானா?

இல்லை. அமெரிக்கப் பம்பில் 87 என்று எழுதியிருப்பது வேறு அளவுமுறை, நம் கணக்கில் அது 91 போல. இந்தோனேசியாவின் பெர்த்தாலைட் என்ற பெட்ரோல் 2022 செப்டம்பர் 3 முதல் 10,000 ரூப்பியா, சுமார் 78 காசு. ஆனால் அது 90 ஆக்டேன், மானிய எண்ணெய். இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் அதே ஒரு லிட்டரில் வண்டி கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும்.

இங்கே எல்லா நிலையத்திலும் 92 கிடைக்காது. சில நிறுவனங்கள் 95இலிருந்துதான் தொடங்குகின்றன. கார்க் கையேட்டில் 95 போதும் என்றிருந்தால் 98 ஊற்றுவது காருக்குப் பட்டுவேட்டி கட்டுவது மாதிரி. தீர்வையே 13 காசு கூடுதல்.

கச்சா எண்ணெய் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். பம்பில் ஏன் இறங்கவில்லை?

ஏறும்போது மின்தூக்கியில் ஏறுகிறது, இறங்கும்போது படியில் இறங்குகிறது என்று எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆனால் கணக்கு ஒன்றையும் பார்க்க வேண்டும். 2.24 வெள்ளியில் எண்ணெயின் பங்கு 65 காசு. சந்தையில் பத்து விழுக்காடு விழுந்தால் குறைய வேண்டியது ஆறரைக் காசு, அதாவது விலையில் மூன்று விழுக்காடு. தீர்வை, நிலம், சம்பளம் எதுவும் அதோடு சேர்ந்து விழாது. கச்சா எண்ணெயும் வடித்த பெட்ரோலும் எப்போதும் சேர்ந்து நகர்வதும் இல்லை. ஏதாவது பெரிய ஆலை பழுதுபார்ப்புக்கு மூடினால் கச்சா மலிவாக இருக்கும்போதே பெட்ரோல் ஏறும்.

டீசல்?

தீர்வை 20 காசு, 2019இலிருந்து. 2017க்கு முன்னால் லிட்டர் கணக்கில் தீர்வையே இல்லை. புதிய டீசல் கார், டாக்சிப் பதிவை 2025 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இது பெரும்பாலும் லாரிக்காரர் கவலை.

வருடத்துக்குப் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்? மின்சாரக் காருக்கு மாறலாமா?

வருடம் 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 1,250 லிட்டர். கழிவு போக 2,800 வெள்ளி. இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, பத்து வருடம் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழ், சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவில் 2025இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பத்து வருடத்துக்கு வகுத்தால் வருடம் பத்தாயிரம். காரின் விலை, காப்புறுதி, சாலை வரி, கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் தனி. ஆக, ஒரு சிங்கப்பூர்க்காரர் பெட்ரோலுக்காக ஜேபி வரை ஓடுவதைப் பார்க்கும் வெளிநாட்டு நண்பருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்: காருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தவர் பத்து வெள்ளிக்காக வரிசையில் நிற்கிறார். சான்றிதழ் விலையை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, எண்ணெய் விலையை ஏதாவது செய்யலாம். அதனால்தான்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர், உணவு விநியோகம் செய்யும் மோட்டார் சைக்கிள்காரர் கணக்கு வேறு. அவர்கள் வருடத்துக்கு ஓட்டும் தூரம் நம்மைப்போல் பல மடங்கு. லிட்டருக்குப் பத்துக் காசு ஏறினால் அவர்கள் அன்றைய வருமானத்திலேயே தெரியும்.

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் தீர்வை கிடையாது என்பதால் அதை ஈடுகட்டச் சாலை வரியில் கூடுதலாக வருடம் 700 வெள்ளி வாங்குகிறார்கள், 2023லிருந்து. மேலே சொன்ன 1,250 லிட்டருக்கு 66 காசுத் தீர்வை 825 வெள்ளி வருகிறது. போட்டுப் பார்த்தால் அரசாங்கம் அதிகம் விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரியும். உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சார்ஜ் செய்ய இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தீபாவளி விடுமுறைக்குக் காரில் பினாங்கு போகிறோம். எங்கே நிரப்புவது?

முக்கால் டாங்கிக்குச் சற்று மேலே இருக்கும்படி இங்கேயே, அட்டைக் கழிவு உள்ள நிலையத்தில். முள் முக்காலில் தொட்டும் தொடாமலும் இருந்தால் உட்லண்ட்ஸ் வரிசையிலேயே கீழே இறங்கிவிடும், குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்குமே. பிறகு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் எந்த ஓய்விடத்திலும் ரோன்97. மலேசியா முழுக்க ரோன்97 பெரும்பாலும் ஒரே விலை, அதனால் மலிவான நிலையம் தேடி அலைய வேண்டாம். திரும்பி வரும்போது ஜொகூரில் கடைசியாக நிரப்ப நினைப்பவர்கள் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலையங்களை விட்டுவிட்டு இருபது கிலோமீட்டர் முன்னாலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே வரிசையில் நிற்பதெல்லாம் நம் வண்டிகள்தான்.